பீவர் கட்டிய அணையும் நம் ஏரிக்கரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், என் பொண்ணு பாடத்துல பீவர்னு ஒரு மிருகம் வருது. தமிழ்ல நீர்நாய்னு சொல்லிக் கொடுக்கலாமா?" என்று. சொல்லாதேம்மா என்றேன். அகராதிகளில் சில இடங்களில் அப்படிப் போட்டிருப்பார்கள். ஆனால் நீர்நாய் வேறு, பீவர் வேறு. நீர்நாய் நம் காவிரியில் இருக்கிறது, மீன் பிடித்துத் தின்னும். பீவர் எலி, அணில் வகையைச் சேர்ந்த கொறிவிலங்கு. மீனைத் தொடாது. மரப்பட்டை, இலை, தழைதான் சாப்பாடு. இந்தியாவில் அது கிடையாது. வட அமெரிக்காவில் ஒரு வகை, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகளில் இன்னொரு வகை, அவ்வளவுதான்.

நம் ஊரில் இல்லாத விலங்கை நம் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நான் வேலையில் இருந்த காலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு நடத்தியிருக்கிறேன். காரணம், பீவரின் வரலாறும் நம் ஏரிகளின் வரலாறும் ஒரு இடத்தில் தொட்டுக்கொள்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பீவர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓடும் சிற்றாற்றின் குறுக்கே மரத்தைக் கடித்துச் சாய்த்து, கிளைகளை இழுத்து வந்து, கல்லும் சேறும் வைத்து அணை கட்டும். முன்பற்கள் ஆரஞ்சு நிறமாக இருக்கும். பல்லின் மேல்பூச்சில் இரும்புச் சத்து இருப்பதால் அந்த நிறம், அந்த உறுதி. பல் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். அணை கட்டினால் பின்னால் குட்டை போலத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் நடுவே குச்சியும் மண்ணுமாகக் குடில் கட்டிக்கொள்ளும். குடிலுக்கு வாசல் தண்ணீருக்கு அடியில். ஓநாய் வந்தால் உள்ளே நுழைய முடியாது. ஆக, அணை அதற்கு வீட்டைச் சுற்றி வெட்டிய அகழி மாதிரி.

ஆனால் தனக்காகக் கட்டிய அணையால் ஊருக்கே நன்மை. வெள்ளம் வேகம் குறைந்து போகும். தண்ணீர் மண்ணில் இறங்கும். கோடையிலும் ஓடையில் ஈரம் இருக்கும். மீன், தவளை, பறவை எல்லாம் வந்து சேரும். நம் ஏரி செய்கிற வேலையும் இதுதானே?

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கிடைத்தது. 1640இல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. எதற்காக வந்தார்கள்? நம் நெசவாளர் நெய்த துணிக்காக. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1670 மே 2ஆம் தேதி, அதே லண்டனில் இன்னொரு கம்பெனிக்கு இரண்டாம் சார்லஸ் மன்னர் பட்டயம் கொடுத்தார். அதன் பெயர் ஹட்சன் பே கம்பெனி. அவர்கள் போனது கனடாவுக்கு. எதற்காக? பீவர் தோலுக்காக.

ஐரோப்பாவில் அப்போது பீவர் முடியில் செய்த தொப்பிதான் கௌரவம். பீவரின் உள்முடியை அழுத்திக் கம்பளமாக்கினால் மழைக்கு நனையாத, வடிவம் கெடாத தொப்பி கிடைக்கும். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு அந்த மோகம் இருந்தது. தங்கள் நாட்டுப் பீவரை எல்லாம் கொன்று தீர்த்த பிறகுதான் கடல் தாண்டிப் போனார்கள். இங்கிலாந்தில், ஸ்காட்லாந்தில் பதினாறாம் நூற்றாண்டிலேயே பீவர் அற்றுப்போய்விட்டது. கனடாவில் பீவர் தோலே நாணயம் மாதிரி ஆனது. ஒரு துப்பாக்கிக்கு இத்தனை தோல், ஒரு கம்பளிக்கு இத்தனை தோல் என்று கணக்கு. ஹட்சன் பே கம்பெனியின் சின்னத்தில் நான்கு பீவர்கள் இருக்கின்றன. எதைக் கொன்று பிழைத்தார்களோ அதையே சின்னத்தில் வைத்துக்கொண்டார்கள்!

1820களில் இன்னொரு கொடுமை. அமெரிக்க வியாபாரிகள் மேற்குப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று, ஸ்நேக் ஆற்றுப் பகுதியில் ஒரு பீவர் கூட மிஞ்சாமல் பிடித்துவிடுங்கள் என்று அந்தக் கம்பெனி தன் ஆட்களை அனுப்பியது. பீவர் இல்லாவிட்டால் போட்டிக்காரன் வரமாட்டான் என்பது கணக்கு.

ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் குறைந்தது 6 கோடி பீவர்கள் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1900 வாக்கில் சுமார் 1 லட்சம்தான் மிச்சம். ஐரோப்பா, ஆசியா இரண்டும் சேர்ந்து வெறும் 1,200 அளவு. விலங்கு போனது மட்டும் இல்லை. பராமரிக்க ஆள் இல்லாமல் அணைகள் உடைந்தன. குட்டைகள் வற்றின. ஓடைகள் ஆழமாக அரித்துக்கொண்டு ஓடின. பல இடங்களில் ஈரநிலம் காய்ந்தது.

இதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? நம் பகுதியில் அணை கட்டியவன் மனிதன். நமக்குப் பக்கத்திலேயே மகேந்திரவாடி இருக்கிறது. சோளிங்கர் போகிறவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அந்தக் கோயில் கல்வெட்டே அது மகேந்திர தடாகத்தின் கரையில் இருப்பதாகச் சொல்கிறது. அதாவது 1,400 ஆண்டுக்கு முன்பே அங்கே ஏரி. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஏரி வாரியம் என்று ஒரு குழுவைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையைப் படித்திருப்பீர்கள். அதில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் இன்றும் கணக்கில் 39,000க்கு மேல் ஏரிகள் உண்டு. ஒரு ஏரி நிறைந்தால் கோடி போய் அடுத்த ஏரிக்கு, அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. சங்கிலி மாதிரி. ஒரு ஓடையில் பீவர்கள் அடுத்தடுத்துக் கட்டும் அணைகளும் இப்படிப் படிப்படியாகத்தான் இருக்கும்.

1763இல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. அங்கே தாமஸ் பர்னார்ட் என்பவர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர் விளைச்சலில் ஊருக்கு உழைப்பவர்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் இத்தனை பங்கு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் அந்தக் கணக்கில் தெரிகிறது. பிறகு 1780இல் ஹைதர் அலி படையெடுப்பு. போர்களில் ஊர்கள் பாழாயின, ஏரிகளும் சிதைந்தன. 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடும் வேலையைப் பெரிய அளவில் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் விளைச்சலில் ஊர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட பங்கு மெல்ல மெல்ல அரசின் வரிக்குப் போய்விட்டது. ஏரியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கூலி இல்லை. குடிமராமத்து தளர்ந்தது. ஜனங்கள் தாமாகச் செய்துவந்த வேலையைச் சட்டம் போட்டுச் செய்யவைக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். சட்டத்தால் கூப்பிட்டு வருகிற காரியமா அது?

ஒரே ஊரில் கிளம்பிய இரண்டு கம்பெனிகள். ஒன்று போன இடத்தில் பீவர் அணைகள் அழிந்தன. இன்னொன்று வந்த இடத்தில் ஏரிகள் கேட்பாரற்றுப் போயின. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் வேறு, அளவுகள் வேறு. ஆனால் லாபக் கணக்கில் தண்ணீரைக் காப்பவனுக்கு இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டும் பாடம்.

இப்போது பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தார். ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே மாதம் 18ஆம் தேதி இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் ஆர்ச்சிபால்ட் பெலேனி என்ற குழந்தை பிறந்தது. 13 நாள் வித்தியாசம். பதினேழு வயதில் அவர் கனடாவுக்குப் போய்ப் பீவர் பிடிக்கும் வேடரானார். அவர் மனைவி அனஹாரியோ மோஹாக் பழங்குடி வழி வந்தவர். தாயை இழந்த இரண்டு பீவர் குட்டிகளைக் கொல்லாமல் வளர்ப்போம் என்று அவர் வற்புறுத்தினார். அந்தக் குட்டிகள் வீட்டில் ஓடியாடியதைப் பார்த்து வேடரின் மனம் மாறியது. பொறியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'கிரே அவுல்' என்ற பெயரில் பீவரைக் காப்பதற்காக எழுதவும் பேசவும் தொடங்கினார். 1935இல் பீவர் குட்டிகளைப் பற்றிச் சிறுவர்களுக்கென்றே ஒரு கதைப் புத்தகம் எழுதினார. 1937 டிசம்பரில் லண்டன் அரண்மனையில் மன்னர் குடும்பத்தின் முன் பேசினார். கேட்ட சிறுமிகளில் ஒருவர் பின்னாளில் ராணியான எலிசபெத். 1938இல் கிரே அவுல் இறந்த பிறகுதான் அவர் பழங்குடி இல்லை, ஆங்கிலேயர் என்பது உலகுக்குத் தெரிந்தது. வேஷம் பொய்தான். ஆனால் பீவர் மீது அவர் காட்டிய பாசம் பொய் இல்லை.

பிறகு பீவருக்கு நல்ல காலம் வந்தது. 1948இல் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ஊருக்குள் தொல்லை கொடுத்த 76 பீவர்களைப் பெட்டியில் வைத்துப் பாராசூட்டில் மலைக்காட்டுக்குள் இறக்கினார்கள். ஒன்று மட்டும் இறந்தது, மற்றவை பிழைத்துக்கொண்டன. இந்தக் கதையைச் சொன்னால் மூன்றாம் வகுப்பு கைகொட்டிச் சிரிக்கும், நான் பார்த்திருக்கிறேன். 2009இல் ஸ்காட்லாந்தில் நாப்டேல் காட்டில் நார்வேயிலிருந்து கொண்டுவந்த பீவர்களை விட்டார்கள். 2023இல் லண்டன் மாநகருக்குள்ளேயே ஈலிங் பகுதியில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார்கள். 2025இல் செக் நாட்டிலிருந்து ஒரு செய்தி. அரசு ஏழு ஆண்டாக அனுமதிக்காகக் கிடப்பில் வைத்திருந்த அணைத் திட்டத்தை, எட்டுப் பீவர்கள் கேட்காமலே கட்டி முடித்துவிட்டன. அரசுக்கு மிச்சமான பணம் சுமார் 3 கோடி செக் கிரௌன். அதே 2025 ஜூன் மாதத்தோடு ஹட்சன் பே கம்பெனியின் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. 355 ஆண்டுக்குப் பிறகு பீவர் இருக்கிறது, கம்பெனியின் கடை இல்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர் பீவர் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்துப் பார்த்தார். அணையையே பார்த்திராத குட்டியும் வளர்ந்ததும் அணை கட்டியது. ஒலிபெருக்கியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைப் போட்டால், அதன் மேலேயே குச்சியைக் கொண்டுவந்து குவித்தது. பீவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்த வித்தை ரத்தத்தில் இருக்கிறது. நானூறு ஆண்டு இல்லாமலிருந்து திரும்பி வந்தாலும் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடும்.

மனிதக் குழந்தை அப்படி இல்லை. எந்த மதகை எப்போது திறப்பது, கரையில் எலி வளை இருந்தால் என்ன செய்வது, கோடி எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் நீர்க்கட்டியின் மகன் அப்பாவோடு கரையில் நடந்து நடந்து கற்றது. எழுதிவைத்த பாடம் இல்லை. ஒரு தலைமுறை கரைக்குப் போகாமல் இருந்தால் போதும், அறுந்துவிடும்.

அதனால்தான் நான் பீவர் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தவில்லை. எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு சிறிய கால்வாய். ஐப்பசி மழை விட்டு, வெள்ளம் வடிந்து, கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். ஆற்றுக்கு இல்லை, கால்வாய்க்குத்தான். கொசஸ்தலை ஆறு எங்களுக்குத் தெரிந்த ஆறுதான், லவா, குசா என்று இரண்டு ஆறுகள் சேர்ந்து அது உண்டாவதாக ஊரில் சொல்வார்கள். ஆனால் ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் தரைப்பாலமே முழுகிவிடும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது.

"நீங்க எல்லாம் இப்ப பீவர். கையில கிடைக்கறத வெச்சி தண்ணிய நிறுத்துங்க" என்பேன். அவ்வளவுதான் பாடம். முதலில் குச்சியை மட்டும் குறுக்கே போடுவார்கள். தண்ணீர் சந்து சந்தாக ஓடிவிடும். பிறகு கல். அப்போதும் நிற்காது. யாராவது ஒருவன் களிமண்ணை எடுத்து அப்புவான். தண்ணீர் வருகிற பக்கம் அப்பினால் நிற்கிறது, போகிற பக்கம் அப்பினால் கரைந்து போகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நின்ற தண்ணீர் ஏறும். ஏறி, பக்கவாட்டில் கரையை அரித்துக்கொண்டு ஓடும், இல்லையென்றால் மேலே வழிந்து அணையே போய்விடும். எல்லோரும் 'ஐயோ' என்று கத்துவார்கள்.

ஒரு வருஷம் அப்படி உடைந்தபோது ஒரு சிறுமி சொன்னாள்: "சார், கோடி விடணும் சார். எங்க தாத்தா ஏரிக்குக் கோடி இருக்குல்ல, அது மாதிரி." ஓரத்தில் கொஞ்சம் தாழ்வாக விட்டு, அங்கே தட்டைக்கல் பதித்தார்கள். அணை நின்றது. எந்தப் பொறியியல் புத்தகமும் படிக்காத எட்டு வயதுப் பிள்ளை சொன்னது அது.

எங்கள் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டம். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு. கால்வாயில் இறங்கினால் இரண்டு பாஷையும் கலந்து வரும். நாம் மதகு என்பதை அவர்கள் தூமு என்பார்கள். நம் பழைய கல்வெட்டுகளில் மதகுக்கு என்ன சொல் தெரியுமா? தூம்பு. நாம் மறந்த சொல்லைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். எல்லைக்காக எவ்வளவோ போராட்டம் நடந்த மண் இது. தண்ணீருக்கும் தண்ணீர்ச் சொல்லுக்கும் எல்லை தெரியவில்லை.

செயல்வழிக் கல்வி நமக்குப் புதிது இல்லை. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் வழியாகக் கல்வி என்றார். நம் பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவர் தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளி கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகள் வைத்து ஒரு முறையை உருவாக்கியது. அதைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் வந்தது. நாங்களும் பயிற்சிக்குப் போனோம், அட்டை, ஏணிப்படி, கம்பிப்பந்தல் எல்லாம் வகுப்பறைக்கு வந்தன. பிள்ளைகள் பயமில்லாமல் பேசத் தொடங்கியது அதன் பெரிய நன்மை. ஆனால் அட்டை நான்கு சுவருக்குள் முடிந்துவிடும். ஏரிக்கரையை அட்டையில் அச்சடிக்க முடியாது.

இப்போது பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் குழாய், கேன், லாரி. அவர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கே நின்று வந்தது என்று கேட்டால் தெரியாது. சென்னைக்குப் போகிற தண்ணீரில் ஒரு பகுதி நம் ஊர் வழியாகத்தான் போகிறது. கொசஸ்தலையில் ஓடியது 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரியில் சேர்ந்து, அங்கிருந்து பட்டணம் போகிறது. சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்து முயன்று கொண்டுவந்த திட்டம், அதனால்தான் அதற்கு அவர் பெயர். இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

என்னிடம் படித்தவர்கள் இப்போது பலர் அம்மா அப்பாக்கள், சிலர் ஆசிரியர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த மழைக்காலம் முடிந்ததும், தை மாதம் வெயில் இதமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை உங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போங்கள். கரை எங்கே தொடங்குகிறது, மதகு எங்கே, கோடி எங்கே, கோடித் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று நடந்து காட்டுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் ஊரில் எண்பது வயதுப் பெரியவர் யாராவது இருப்பார், அவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போதே போய்விடுங்கள்.

பீவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பிள்ளைக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஓய்வுபெற்ற வாத்தியார், பள்ளிப்பட்டு.